காயத்தை அளக்கும் சட்டம்

வரப்புத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் தலையில் அடிபட்ட ஒருவரும், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று எழுந்த வாக்குவாதம் கைகலப்பாக முற்றியபோது அரிவாளால் முன்கையில் வெட்டுப்பட்ட மற்றொருவரும், ஒரே இரவில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் தலையில் உள்ள காயம் 2 சென்டிமீட்டர் நீளமே. இரத்தமும் அதிகம் போகவில்லை. தாமே நடந்து வந்து பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். இரண்டாமவரின் கையிலோ அரைச் சாண் நீளத்துக்குத் தோல் பிளந்து, கட்டிய துண்டும் வேட்டியும் இரத்தத்தில் நனைந்துகிடக்க, உடன் வந்தவர்கள் அலறிக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவர் எவரும் இரண்டாவதே பெரிய காயம் என்று நினைப்பார்கள். ஆனால் படம் எடுத்துப் பார்த்தபின், முதலாமவரின் மண்டையோட்டில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் இருப்பதாகவும், இரண்டாமவருடைய வெட்டு தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் தாண்டவில்லை என்றும் தெரியவருமாயின், சட்டத்தின் கண்ணில் முதலாமவர் அடைந்தது கொடுங்காயம். இரண்டாமவர் அடைந்தது சாதாரணக் காயம். இந்தப் பாகுபாடு எங்கிருந்து பிறக்கிறது, அதை நிர்ணயிப்பதில் சரீர சாஸ்திரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு, அடிபட்டவரும் அடித்தவரும் அதனால் எவ்வாறு பாதிக்கப்படுகிறார்கள் என்பவற்றை அறிந்துகொள்வது எல்லாருக்கும் அவசியம், ஏனெனில் நம் கிராமங்களில் நீதிமன்ற வாசலை மிதிக்க நேரும் குடும்பங்கள் பலவற்றை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது திருட்டோ கொலையோ அன்று, இத்தகைய அடிதடியே.

இந்த நியதிகளின் மூலம் பழையது. 1834ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட முதல் சட்ட ஆணையம் மெக்காலேயின் தலைமையில் 1837இல் ஒரு நகலைத் தயாரித்தது. அந்நகல் பலராலும் பரிசீலிக்கப்பட்டு, 1860இல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்த அந்தச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்துமாதலால், ஒரே நீதிமன்றத்தில் ஒரே நாளில் பழைய 324ஆம் பிரிவும் அதன் வாரிசாகிய புதிய 118(1)ஆம் பிரிவும் அடுத்தடுத்து அழைக்கப்படுவது இன்று சகஜம். முன்பெல்லாம் தமிழ்நாட்டு அடிதடி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் 294(பி), 323, 324, 506(ii) என்று வரிசையாகக் காணப்பட்ட எண்கள் இப்போது 296(பி), 115(2), 118(1), 351(3) என்று மாறியிருக்கின்றன. திட்டியது, அடித்தது, ஆயுதத்தால் தாக்கியது, மிரட்டியது என்ற நான்கும் அவற்றில் அடங்கியுள்ளன.

தாக்குதல் என்று நாம் பொதுவாகச் சொல்வதைச் சட்டம் பல படிகளாகப் பிரிக்கிறது. அடிக்கப்போகிறான் என்று எதிரில் நிற்பவர் அஞ்சும்படி கையை ஓங்குவதே ஒரு குற்றம். கை மேலே படவேண்டும் என்பதில்லை. ஆனால் வெறும் வார்த்தை மட்டும் இந்தக் குற்றமாகாது. இதற்குப் புதிய சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கை பட்டு வலி உண்டானாலே அது காயம் என்ற இலக்கணத்துக்குள் வந்துவிடுகிறது. உடல்வலி, நோய், தளர்ச்சி ஆகியவற்றில் எதனை ஒருவருக்கு உண்டாக்கினாலும் அது காயம் என்று 114ஆம் பிரிவு கூறுவதால், தழும்போ வீக்கமோ இல்லாத ஓர் அறையும் காயமே. வேண்டுமென்றே இதைச் செய்தவருக்கு 115(2)ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பழைய சட்டத்தில் இந்த அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாயாக இருந்தது.

இதற்கு மேற்பட்ட படியே கொடுங்காயம். இங்கேதான் மெக்காலேயின் வழி இங்கிலாந்தின் வழியிலிருந்து பிரிகிறது. அங்கே இன்றும் வழங்கும் 1861ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான உடல் தீங்கு என்பதற்கு இலக்கணம் எதுவும் வகுக்காமல் விட்டுவிட, மெய்யாகவே கடுமையான தீங்கு எதுவோ அது என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டு, ஒவ்வொரு வழக்கிலும் ஜூரிகளின் தீர்மானத்துக்கே அதனை விட்டுவிடுகின்றன. நம் சட்டமோ எட்டு வகைகளை எண்ணிச் சொல்லி, அவற்றுள் அடங்காத எதுவும், பார்வைக்கு எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், கொடுங்காயம் அன்று என்று விதித்துவிட்டது. ஆண்மையிழப்பு, ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போதல், ஒரு காதின் கேள்வி நிரந்தரமாகப் போதல், ஓர் அங்கத்தையோ மூட்டையோ இழத்தல், அவற்றின் ஆற்றல் அழிதல் அல்லது நிரந்தரமாகக் குன்றுதல், தலையோ முகமோ நிரந்தரமாக விகாரமடைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பிசகுதல், உயிருக்கு அபாயம் விளைவிக்கும் காயம், அல்லது 15 நாள்கள் கடும் உடல்வேதனையில் ஆழ்த்தியோ வழக்கமான வேலைகளைச் செய்யவிடாமலோ வைக்கும் காயம்: இவையே அந்த எட்டு. வேண்டுமென்றே இவற்றில் ஒன்றை விளைவித்தவருக்கு 117(2)ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அக்காயத்தால் ஒருவர் நிரந்தர ஊனத்தையோ மீளாத நினைவற்ற நிலையையோ அடைந்துவிட்டால், 117(3) என்னும் புதிய உட்பிரிவு பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவலை விதிக்கிறது; அது ஆயுள் முடியும் வரையும் நீளலாம்.

எட்டு வகைகளுள் வழக்குகளில் அடிக்கடி வருவன இரண்டே. ஒன்று, எலும்பும் பல்லும் பற்றியது. முறிவு என்றால் எலும்பு இரண்டு துண்டாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டினாலோ சிதறலாலோ எலும்பில் பிளவோ விரிசலோ ஏற்பட்டாலே போதும், அது முறிவுதான் என்று உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்னரே தெளிவுபடுத்திவிட்டது. நம் முதலாமவரின் மயிரிழை விரிசல் கொடுங்காயமாவது இந்த நியாயத்தினாலேயே. மற்றொன்று, நாள் கணக்கு. பழைய சட்டத்தில் 20 நாள் என்றிருந்ததைப் புதிய சட்டம் 15 நாளாகக் குறைத்திருக்கிறது. மருத்துவம் முன்னேறி, காயம் முன்னைவிட விரைவில் ஆறுகின்ற காலத்தில் இது தக்க மாறுதல் என்றே நான் கருதுகிறேன். ஆனால் மருத்துவமனையில் 15 நாள் படுத்திருந்தார் என்று காட்டுவது மட்டும் போதாது. அத்தனை நாளும் கடும் வேதனைப்பட்டார் என்றோ, தம் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதிருந்தார் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். வயல் வேலையும் கூலி வேலையும் செய்து பிழைப்பவர்களுக்கு இந்தக் கடைசி வாசகம் பெரிய துணையாக வேண்டியது. எனினும் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதை யாரும் கேட்டு எழுதாமையால், அது பெரும்பாலும் பயன்படாமலே போய்விடுகிறது.

சட்டம் இவ்வாறு உடம்பையே அளவுகோலாகக் கொண்டுவிட்டபடியால், உடம்பைப் படிக்கத் தெரிந்த மருத்துவரின் கையில் வழக்கின் பாதி அடங்கிவிடுகிறது. அடிபட்டு வந்தவரைப் பற்றி மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் குறிப்பையே ஊரில் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். யார் அடித்ததாக, எப்போது, எங்கே, எதனால் அடித்ததாக அவர் சொன்னார் என்பதும், ஒவ்வொரு காயத்தின் இடமும் நீளமும் அகலமும் ஆழமும் அதில் இருக்க வேண்டும். பின்னர்ப் படங்களையும் பார்த்து, காயம் சாதாரணமா கொடியதா என்ற அபிப்பிராயத்துடன் காயச் சான்றிதழ் வழங்கப்படுகிறது.

மழுங்கிய பொருளும் கூரிய பொருளும் தோலில் விட்டுச்செல்லும் அடையாளங்கள் வெவ்வேறானவை. கூரிய கருவி பட்ட இடம் விளிம்பு நேராக, நார்கள் துண்டிக்கப்பட்டு, ஆழத்தைவிட நீளம் மிகுந்திருக்கும். கத்தியால் குத்தியிருந்தால் நீளத்தைவிட ஆழம் மிகும். வெட்டு ஆழமாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவதைக் கொண்டு, ஆயுதம் எத்திசையில் ஓடிற்று என்றும் சொல்லிவிடலாம். கம்பால் அடித்தால், அடி பட்ட இடத்தின் நடுவிலுள்ள இரத்தம் இருமருங்கும் தள்ளப்பட்டு, நடுவே வெளிறிய பட்டையும் அதன் இருபுறமும் இணையான இரண்டு சிவந்த கோடுகளும் தோன்றும். அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் கம்பின் பருமனை ஏறத்தாழக் காட்டிவிடும். ஆனால் தலையின் விஷயம் வேறு. அங்கே தோலுக்கு அடியில் உடனே எலும்பு இருப்பதால், கம்பு பட்ட தோல் இரண்டுக்கும் நடுவே நசுங்கி நேர்கோடாகப் பிளந்து, அரிவாள் வெட்டைப் போலவே தோற்றமளிக்கும். உருப்பெருக்கியால் பார்த்தால்தான் விளிம்புகள் நசுங்கியிருப்பதும், மயிர்க்கால்கள் சிதைந்திருப்பதும், பிளவின் குறுக்கே அறுபடாத நார்கள் பாலம் போல் நிற்பதும் தெரியும். அவசரத்தில் இதைக் கவனியாமல் வெட்டுக்காயம் என்று எழுதிவிட்டால், காம்பால் அடித்தார்கள் என்று அடிபட்டவர் சொன்ன உண்மை பொய்யாகத் தோன்றும். இல்லாத அரிவாள் ஒன்று வழக்கில் வந்து புகுந்துகொள்ளும்.

கன்றிப்போன இடத்தின் நிறமும் பேசும். தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தின் ஹீமோகுளோபினை உடம்பு சிறிது சிறிதாகச் சிதைத்து அகற்றும்போது, செம்மை நீலமாகி, பின் பழுப்பும் பச்சையும் மஞ்சளுமாக மாறி, சுமார் இரண்டு வாரத்தில் மறைகிறது. பச்சைக்குக் காரணம் பிலிவெர்டின், மஞ்சளுக்குக் காரணம் பிலிருபின். இதைக் கொண்டு காயத்தின் வயதை நாள் கணக்கில் சொல்லிவிடலாம் என்று பழைய பாடநூல்கள் நம்பின. இன்றைய ஆராய்ச்சி அவ்வளவு உறுதியை ஏற்பதில்லை. மஞ்சள் தோன்றியிருந்தால் காயம் ஏறத்தாழ 18 மணி நேரத்துக்குக் குறையாதது என்பது வரைதான் நம்பிச் சொல்லலாம். நம் மக்களின் கருநிற மேனியில் கன்றல் எளிதில் புலப்படாது என்பதையும், ஆழத்தில் ஏற்பட்ட கன்றல் ஓரிரு நாள் கழித்தே மேலே தெரியும் என்பதையும், நெற்றியில் பட்ட அடியின் இரத்தம் கீழிறங்கி மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுக்கலாம் என்பதையும் மருத்துவர் மறந்துவிடலாகாது. முதல் நாள் ஒன்றும் தெரியாதவரை இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச்சொல்லிப் பார்ப்பது, அவருக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

பல்லைப் பற்றிய தகராறு தனி. அடியால் விழுந்த பல்லுக்கும், ஈறு நோயால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்து அன்று விழுந்த பல்லுக்கும், என்றோ விழுந்துவிட்டதை இப்போது கணக்கில் சேர்க்கும் பல்லுக்கும் வேற்றுமை காண வேண்டும். புதிதாகப் பல் போன குழியில் இரத்தம் கசியும், விளிம்பு கிழிந்திருக்கும். இரண்டு வாரங்களில் அக்குழி பெரும்பாலும் தூர்ந்துவிடும். அவ்வாறே எலும்பு முறிவின் படத்தில், முறிந்த இடத்தைப் பொதியும் புதிய எலும்புத் திரள் இரண்டு மூன்று வாரங்களில் தென்படத் தொடங்குவதால், நேற்றைய முறிவையும் சென்ற மாதத்து முறிவையும் வேறுபடுத்தலாம். முன்கையின் வெளிப்புறத்திலும் உள்ளங்கையிலும் உள்ள வெட்டுகள் தடுக்கக் கையை நீட்டியதைக் காட்டும். தன் கைக்கு எட்டும் இடங்களில் மட்டும், ஆழமின்றி, இணைகோடுகளாகப் பல கீறல்கள் இருப்பின், அவை தாமே உண்டாக்கிக்கொண்டவையா என்று சந்தேகிக்க இடம் உண்டு. உடம்பு பொய் சொல்வதில்லை. ஆனால் பார்த்தவர் பார்த்தபடியே எழுதினால்தான் அது சொல்வது நீதிபதியின் காதில் விழும்.

காயத்துக்கு அடுத்தபடி சட்டம் பார்ப்பது கருவியை. சுடுவதற்கோ குத்துவதற்கோ வெட்டுவதற்கோ உரிய கருவி, ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிரைப் போக்கக்கூடிய எந்தப் பொருளும், நெருப்பு, கொதிக்கும் பொருள், விஷம், அமிலம், வெடிமருந்து, ஏவிவிடப்பட்ட விலங்கு ஆகியவற்றால் விளைந்த காயம் 118ஆம் பிரிவில் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணக் காயமானால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயமானால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரையோ ஆயுள் முழுவதுமோ சிறை. அரிவாளைப் பற்றி ஐயமில்லை. கல்லும் கம்பும் எப்போது அபாயகரமான ஆயுதமாகும் என்பதற்கு மட்டும் பொதுவிதி கிடையாது. அதன் பருமன், எடை, பிரயோகித்த விதம் ஆகியவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. முதலாமவரைத் தாக்கிய காம்பு கனமான உருட்டுக்கட்டையாக இருந்து, அவ்வாறு கருதப்பட்டுவிட்டால், 117(2) என்ற பிரிவு 118(2) என்று உயர்ந்து, ஏழாண்டு என்பது ஆயுள் வரை போகலாம். ஆகவே அந்தக் காம்பைக் கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைப்பது வெறும் சடங்கன்று. அமில வீச்சுக்கு 124ஆம் பிரிவு குறைந்தது பத்தாண்டு என்று விதித்து, அபராதத் தொகையைப் பாதிக்கப்பட்டவரின் சிகிச்சைக்கே கொடுக்கச் சொல்கிறது.

மூன்றாவது அளவுகோல் மனம். கொல்லும் உத்தேசத்தோடு சுட்டுக் குறி தவறியிருந்தால், எதிரில் நின்றவருக்கு ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் அது கொலை முயற்சியே. 109ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரையும், காயமும் பட்டிருந்தால் ஆயுள் வரையும் தண்டனை உண்டு. உத்தேசம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாதலால், எந்த அங்கத்தைக் குறிவைத்தார், எத்தனை முறை வெட்டினார், முன்பகை இருந்ததா, விழுந்தபின்னும் தாக்கினாரா என்பவற்றைக் கொண்டே அதனை அனுமானிக்கிறார்கள். மனத்தை எடைபோடும் இந்த விவேகம் நமக்குப் புதிதன்று. வேட்டையில் தவறிப் பாய்ந்த அம்பினால் ஒருவர் மாண்டபோது, கொலைத்தண்டனை விதியாமல், கோயிலில் நுந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடுக்கும்படி ஊர்ப் பெருமக்கள் தீர்த்த செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

மனத்தின் நிலையைக் கருதியே சட்டம் சில இடங்களில் இரங்குகிறது. பதினெட்டு வயது நிரம்பிய இருவர் மனமொப்பிச் சிலம்பம் ஆடுகையில், விதிமுறை மீறாமல் ஒருவர் மேல் அடி பட்டால் அது குற்றமாகாது. தன் உடம்பையோ பிறர் உடம்பையோ காக்கத் தேவையான அளவுக்குத் திருப்பித் தாக்குவது உரிமை. தேவைக்கு மேற்பட்டது உரிமையன்று. திடீரென மூட்டப்பட்ட கடுஞ்சினத்தில், மூட்டியவரையே தாக்கியிருந்தால், 122ஆம் பிரிவு தண்டனையைச் சாதாரணக் காயத்துக்கு ஒரு மாதமாகவும் கொடுங்காயத்துக்கு ஐந்தாண்டாகவும் குறைத்துவிடுகிறது.

அடிபட்டவர் யார் என்பதும் கணக்கில் சேரும். இதில் மாநிலச் சட்டங்களுக்கும் பங்கு உண்டு. நம் நாட்டில் குற்றவியல் சட்டம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால், நாடு முழுமைக்கும் ஒரே சட்டமும், அதன்மேல் அந்தந்த மாநிலம் சேர்க்கும் சட்டங்களும் திருத்தங்களும் என்ற ஏற்பாடு நிலவுகிறது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த துயரத்தின் விளைவாகப் பிறந்து, 2002இல் திருத்தப்பட்ட பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் தமிழ்நாட்டுக்கே உரியது. மருத்துவரையோ செவிலியரையோ பணியில் தாக்குபவருக்கு மூன்றாண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையதே. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கத்தோடு தாக்குவது, நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவின்படி குறைந்தது ஓராண்டும் மிகுந்தால் ஐந்தாண்டும் சிறைக்குரியது. கடமையிலுள்ள அரசு ஊழியரைத் தடுக்கக் காயப்படுத்தினால் 121ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை விதிக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தாக்கப்படும்போது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்கிறது, அப்போது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும், முன்பிணை கிடையாது, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தைச் சாதி அறிந்து செய்திருந்தால் தண்டனை ஆயுள் முழுவதுமாக உயரும். சாதியின் பெயரால் இன்னும் மனிதர் மனிதரை அடிக்கும் ஒரு சமூகத்தில் இந்தச் சட்டம் மிகையானது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி நடைமுறை. சாதாரணக் காயம் மட்டும் என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலன்விசாரணை செய்ய முடியாது. ஆகவேதான் பல மனுக்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடுகின்றன. மற்றவற்றில் நேரே முதல் தகவல் அறிக்கை பதியலாம். ஆனால் பிணையைப் பற்றிய விதியில் வியப்பான ஒரு முரண் இருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய 117(2), பிணையில் விடக்கூடிய குற்றம். மூன்றாண்டே தண்டனைக்குரிய 118(1), பிணையில் விடமுடியாத குற்றம். எனவே நம் முதலாமவரின் மண்டையோட்டில் விரிசல் உண்டாக்கியவர் பிணையை உரிமையாகக் கேட்டுப் பெற, இரண்டாமவரின் தோலை மட்டும் வெட்டியவர் நீதிமன்றத்தின் தயவுக்குக் காத்திருக்க நேரும். ஆயுதம் எடுத்தவரால் ஊர் அமைதிக்கு அபாயம் அதிகம் என்று இதற்கு ஒரு நியாயம் கற்பிக்கலாம். அது முற்றிலும் தவறென்று சொல்லமாட்டேன். எனினும் தண்டனையின் அளவும் பிணையின் விதியும் எதிரெதிர்த் திசைகளில் செல்வது சட்டத்தின் ஒழுங்குக்குப் பொருந்துவதாக இல்லை.

சாதாரணக் காயத்தை அடிபட்டவரே மனம் ஒப்பிச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளலாம். கொடுங்காயத்தை நீதிமன்றத்தின் அனுமதியோடு தீர்க்கலாம். ஓராண்டு தண்டனைக்குரிய குற்றத்தை ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டு வரையிலான குற்றத்தை மூன்றாண்டுக்குள்ளும் நீதிமன்றம் கோப்பில் எடுக்க வேண்டும் என்ற காலவரையறையும் உண்டு. முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டு வரையும், தலைமை நடுவர் ஏழாண்டு வரையும் சிறை விதிக்கலாம். கொலை முயற்சி போன்றவை புதுக்கோட்டையிலுள்ள அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். அதன் தீர்ப்பின்மேல் மேல்முறையீட்டுக்கு, 2004 ஜூலை முதல் இயங்கிவரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

நம் பக்கத்து அடிதடிகளில் ஒரு தரப்பு மட்டும் பிராது கொடுப்பது அரிது. இரு தரப்பாரும் மருத்துவமனையில் சேர்ந்து, இரு தரப்பாரும் புகார் கொடுத்து, வழக்கும் எதிர்வழக்குமாக நிற்பார்கள். அப்போது ஒரே அதிகாரி இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் யார் என்று கண்டறிந்து அவர்மேல் குற்றம் சாட்ட வேண்டும் என்பது காவல் நிலையாணை. தம் வழக்கைப் பலப்படுத்த வேண்டி, அடிக்காதவரையும் அடித்ததாகச் சேர்ப்பதும், காம்பை அரிவாளாக்குவதும், சாதாரணக் காயத்தைக் கொடுங்காயமாக எழுதித் தரும்படி மருத்துவரை நெருக்குவதும் பலர் செய்கிற காரியங்கள். இவற்றால் உண்மையான பகுதியும் நம்பிக்கை இழந்து, அடித்தவர் சந்தேகத்தின் பலனைப் பெற்று வெளியேறுகிறார். சொன்னதற்கும் காயத்துக்கும் பொருத்தமில்லை என்று எதிரித் தரப்பு வழக்கறிஞர் காட்டிவிட்டால், நீதிபதி வேறென்ன செய்ய முடியும்?

ஆதலால் இதைப் படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். உங்கள் ஊரில் யாரேனும் அடிபட்டால், பஞ்சாயத்துப் பேசி முடியட்டும் என்று நாளைக் கடத்தாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடந்ததை நடந்தபடி, யார் எதனால் அடித்தார் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள், வலிக்கிற எலும்புக்குப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், படத்தைப் பத்திரப்படுத்துங்கள், வேலைக்குப் போக முடியாத நாள்களை எழுதிவையுங்கள், வலி கூடினாலோ கன்றல் தோன்றினாலோ மறுபடியும் போய்க் காட்டுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியது, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது, கேட்டுப் பெறுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்களும், பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்தால் கட்டணமின்றிச் சட்ட உதவி கிடைக்கும்; அந்த அலுவலகம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது.